சின்னப் பாகங்களுக்கு டம்ப்ளர் மீடியா: முதலில் துளையைப் பாருங்கள்

உலோகப் பாகங்களையும் தேய்க்கும் துண்டுகளையும் ஒரே தொட்டியில் போட்டு அதிரவைத்து மெருகேற்றும் மெஷின்தான் வைப்ரேட்டரி டம்ப்ளர். அந்தத் துண்டுகளுக்குப் பெயர் மீடியா. மெஷினை வாங்கியவர்கள் முதலில் கேட்பது, எந்த மீடியா போட்டால் பளபளக்கும் என்பதைத்தான். பளபளப்பு கடைசி வேலை. பாகத்தில் இருக்கும் துளை, பள்ளம், மரை இவற்றை முதலில் அளந்துகொள்ளுங்கள். சின்னப் பாகங்களில் காலை வாரிவிடுவது பெரும்பாலும் மீடியாவின் அளவுதான், அதன் பொருள் அல்ல.

6 மி.மீ. துளை என்று வைத்துக்கொள்வோம். 6 மி.மீ. உருண்டை அதில் அடைத்துக்கொள்ளும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் 3 மி.மீ. உருண்டையும் அடைக்கும், இரண்டு ஒன்றாக நுழைந்து, ஒன்றையொன்று நெருக்கி இறுகிவிடும். 2.8 மி.மீ. வாக்கில் இருந்தால் மூன்று சேர்ந்து சிக்கும். எனவே 2 மி.மீ.க்கும் கீழே போங்கள், இல்லையென்றால் உள்ளே நுழையவே முடியாத 10 மி.மீ. எடுங்கள். 8 போதாதா என்றால், புதிதாக இருக்கும்வரை போதும். மீடியா தேய்ந்துகொண்டே போகும். அது 6-ஐ நெருங்கும் நாளில் ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து, கம்பி விட்டுக் குத்திக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அவ்வப்போது சலித்து, சிறுத்துப்போனதைக் கழித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பெரிய மீடியாவில் துளையின் உள்சுவர் மெருகேறாது, வாய்ப்பிசிறு மட்டும் போகும். பல வேலைகளுக்கு அதுவே போதும்.

வடிவத்தைப் பொறுத்தவரை, உள்மூலை இருந்தால் உருண்டை அங்கே எட்டாது. சாய்வாக வெட்டிய உருளையின் கூர்முனை எட்டும். முக்கோணமும் எட்டும், ஆனால் அதன் முனை உடைந்து சில்லாகும், அந்தச் சில்லு போய்க் குறுகிய பள்ளத்தில் செருகிக்கொள்ளும். புது செராமிக் மீடியாவை (அரைக்கும் பொடி கலந்து சுட்ட பீங்கான் துண்டுகள்) பாகம் போடாமல் தண்ணீரும் சோப்பும் விட்டுச் சில மணி நேரம் ஓட்டி, கூர்முனைகளை மழுங்கவைத்த பிறகு பயன்படுத்துவது நல்லது.

இனி பொருள். இரும்பு, எஃகுப் பாகங்களில் பிசிறும் டூல் மார்க்கும் (வெட்டும் கருவி விட்ட கோடுகள்) போக வேண்டுமானால் செராமிக். அதையே அலுமினியத்தில் போட்டால் எடை தாங்காமல் மேற்பரப்பு குட்டிக் குட்டிப் பள்ளமாகிவிடும். அலுமினியம், பித்தளைக்குப் பிளாஸ்டிக் மீடியா பொருந்தும். பிசினில் அரைப்பொடி கலந்து வார்த்தது அது. வேகம் குறைவு, செராமிக் 2 மணி நேரத்தில் செய்வதற்கு இது 6 மணி நேரம்கூட எடுக்கும். ஆனால் பரப்பு சீராக வரும். போர்சலின், அதாவது அரைப்பொடி கலக்காத பீங்கான், ஏறக்குறைய அரைக்கவே அரைக்காது, தேய்த்து மினுக்க மட்டும் செய்யும். எஃகு உருண்டையும் ஊசியும் அப்படித்தான். உலோகத்தைக் கழிக்காமல் அழுத்தி மினுக்கும். எஃகை வாங்குமுன் மெஷினின் தாங்குதிறனைப் பாருங்கள். ஒரு லிட்டர் செராமிக் சுமார் 1.5 கிலோ, ஒரு லிட்டர் எஃகு 4.5 கிலோவுக்கு மேல். மேசைமேல் வைக்கும் சின்ன டம்ப்ளரை எஃகால் நிரப்பினால் சுழற்சியே நின்றுபோகும், மோட்டார் சூடாகும்.

அரைக்கும் மீடியா மினுக்காது, மினுக்கும் மீடியா கீறலை அழிக்காது. முதல் சுற்றில் விட்ட கீறல் இரண்டாம் சுற்றில் பளபளப்பான கீறலாகத் தெரியும், அவ்வளவுதான். சுற்று மாறும்போது பாகத்தையும் தொட்டியையும் நன்றாகக் கழுவுங்கள். போர்சலினோடு நாலு செராமிக் துண்டு கலந்தாலே பாலிஷ் கெட்டுவிடும்.

தொட்டி 80 முதல் 90 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும். குறைவாகப் போட்டால் மீடியா உருளாமல் துள்ளும், பாகங்கள் மோதி வடுப்படும். கொள்ளளவில் 1 பங்கு பாகத்துக்கு 3 பங்கு மீடியா பொதுக்கணக்கு. அலுமினியம் போன்ற மென்மையான உலோகத்துக்கு 5 அல்லது 6. ஒன்றோடொன்று உரசவே கூடாத பாகம் என்றால் 10 வரை போகலாம்.

தண்ணீர் அதிகமானாலும் நுரை பொங்கினாலும் மீடியா வழுக்கிக்கொண்டு போகும், வேலை நடக்காது. குறைந்தாலோ, தேய்ந்த பொடி வெளியேறாமல் மீடியாமேல் படிந்து அடைத்துக்கொள்ளும். வெளிச்சத்தில் ஒரு துண்டைத் திருப்பிப் பாருங்கள்: நல்ல செராமிக் சொரசொரப்பாக, மங்கலாக இருக்கும், அடைத்துப்போனது கண்ணாடி மாதிரி மின்னும். மீடியா மின்னினால் அது வெட்டுவதை நிறுத்திவிட்டது என்று பொருள். அரைப்பொடி காம்பவுண்ட் (தண்ணீரோடு சேர்க்கும் கலவை) போட்டுப் பாகமில்லாமல் ஓட்டினால் மீண்டும் உயிர்வரும். அலுமினியம் கறுத்து வந்தால் காரம் அதிகமான சோப்பைச் சந்தேகியுங்கள். நடுநிலையான அல்லது லேசான அமிலத்தன்மை உள்ள காம்பவுண்டுக்கு மாறுங்கள். எஃகுப் பாகத்தை எடுத்தவுடன் கழுவி உலர்த்தாவிட்டால் நிமிடக் கணக்கில் துரு பூக்கும்.

தட்டையான மெல்லிய பாகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒட்டிய பக்கம் அப்படியே மெருகில்லாமல் வெளிவரும். இதற்கு மீடியாவைக் கூட்டுவதும் வெவ்வேறு வடிவங்களைக் கலப்பதும் ஓரளவு உதவும், முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன்.

கடைசிப் பளபளப்புக்கு உலர்ந்த மக்காச்சோளச் சக்கைக் குருணையும் பாலிஷும். கொஞ்சம் சொரசொரப்பு வேண்டுமானால் வால்நட் ஓட்டுப் பொடி. பாலிஷை முதலில் ஊற்றி 10 நிமிடம் ஓட்டிய பிறகே பாகத்தைப் போடுங்கள், இல்லையென்றால் கட்டி கட்டியாகத் திரண்டு பாகத்தில் அப்பிக்கொள்ளும். மறுபக்கம் திறக்காத மரைத்துளைகளில் இந்தக் குருணை போய் இறுகினால் எடுப்பது பெரும்பாடு. போடுமுன் ஒரு பழைய திருகாணியையோ ரப்பர் மூடியையோ செருகிவிடுங்கள்.