480 மணித்தியாலத்த வெட்டின கை

2024 ஆகஸ்ட் 9, கல்லடி

ராத்திரி தம்பியோட இருந்து 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்' திரும்பவும் பாத்தன், அவனுக்கு இது முதல் தரம். முடிஞ்ச கையோட சொல்லுறான், "என்னக்கா இது, போறாங்க, மறுகா திரும்பி வாறாங்க, கதையெண்டு ஒண்டுமில்லையே" எண்டு. எனக்குச் சரியான கோவம். 2015ல படம் வந்த நேரமும் கன பேர் இதத்தான் சொன்னாங்க. ஆனா விமர்சகர்மார் அநேகம் பேர் அந்தப் போறதும் வாறதும்தான் கதையெண்டு பிடிச்சிட்டாங்க, விமர்சனங்களக் கூட்டிப் பாக்கிற ராட்டன் டொமேட்டோஸ் தளத்துல நூத்துக்கு 97 நிக்குது. மூண்டாவது பாகம் வந்தது 1985ல, அதுக்குப் பிறகு முப்பது வருசம் கழிச்சு எழுபது வயசுல ஜோர்ஜ் மில்லர் எடுத்த நாலாவது பாகம் இது.

ஆகஸ்ட் 10

காலம வவுணதீவு மாமி கோல் எடுத்தவ. கிணறு அடியில ஒட்டிட்டாம், பவுசர் எப்ப வரும் எண்டு வாளியும் கலனுமா பாத்துக்கொண்டு இருக்காங்களாம். எனக்கு உடன படத்துல அந்த சீன்தான் வந்துது, அந்தக் கொடுங்கோலன் மலைக்கு மேல நிண்டு தண்ணியத் திறந்துவிட்டு, கீழ சனம் சட்டி பானையோட அடிபட்டுப் பிடிக்கக்குள்ளயே பூட்டுறானே, அது. வாகனத்தப் பத்தியும் நெருப்பப் பத்தியும் எவ்வளவோ எழுதினாங்க, ஃபியூரியோசாதான் உண்மையான நாயகி எண்டும் எழுதினாங்க, அது சரிதான். எனக்கு அந்தத் தண்ணியத் தாண்டிப் போக ஏலாம கிடக்கு.

ஆகஸ்ட் 13

ஸ்டூடியோல ஒரு கல்யாண வீடியோ எடிட் பண்ணி வெட்டுறன், மூண்டு கேமரா, 11 மணித்தியாலம், ரெண்டு நாளா முதுகு நிமித்த ஏலல. 'ஃபியூரி ரோட்'ட வெட்டின மார்கரெட் சிக்ஸலுக்குக் கையில கிடைச்சது 480 மணித்தியாலம்! மில்லர்ர மனுசி அவ, அதுக்கு முதல் ஒரு சண்டைப் படம் கூட வெட்டினதில்ல, அதுல இருந்து ரெண்டு மணித்தியாலப் படம் வந்திருக்கு, கிட்டத்தட்ட 2,700 ஷொட். அவ்வளவு வேகமா வெட்டியும் ஏன் தலை சுத்தல்ல எண்டா, பாக்க வேண்டியது எப்பவும் ஃபிரேமுக்கு நடுவுலதான் இருக்கும், அப்பிடித்தான் எடுத்திருக்காங்க, கண் அங்கயும் இஞ்சயும் தேடி அலையத் தேவையில்ல. தம்பிக்கு ஒவ்வொரு ஷொட்டா நிப்பாட்டிக் காட்டினன், வாய் திறக்காமப் பாத்தான்.

இந்தப் படத்துக்கு 2016ல 10 ஒஸ்கார் பரிந்துரை, கிடைச்சது 6. எடிட்டிங், ஒலிக்கு ரெண்டு, உடுப்பு, மேக்கப், கலை அமைப்பு. சிறந்த படமும் இல்ல, சிறந்த இயக்குநரும் இல்ல. கையால செய்த வேலை முழுக்க திறம் எண்டுட்டு படத்த மட்டும் கீழ வைக்கிறத என்னால ஏத்துக்கொள்ள ஏலாது. சண்டைப் படம், அதுவும் நாலாவது பாகம் எண்டா ஒரு படி கீழதான் எண்ட நினைப்பு அது.

ஆகஸ்ட் 17

'ஃபியூரியோசா'வும் பாத்தாச்சு, அந்த நாயகிர முந்தின கதையச் சொல்லுற படம், இந்த மே மாசம் வந்தது. விமர்சகர்மார் நல்லம் எண்டுதான் சொன்னாங்க, எண்டாலும் பாதிப் பேர் முந்தினதோட ஒப்பிட்டு ஒப்பிட்டே எழுதினாங்க, கிராபிக்ஸ் தெரியுது எண்டும் குறை. வசூலும் கிடைக்கல. அது மூண்டு நாள் கதை, இது பதினஞ்சு வருசத்த அஞ்சு அத்தியாயமாப் பிரிச்சுச் சொல்லுது, ரெண்டையும் ஒரே தராசுல போட்டா எப்பிடி? தம்பிக்கு இதுதான் பிடிச்சிருக்காம், "இதுல கதை இருக்குக்கா". இந்தத் தரம் கோவம் வரல்ல.

கல்யாண வீடியோவ இண்டைக்கு முடிச்சன். தாலி கட்டுற இடத்துல ஒவ்வொரு ஷொட்டுலயும் பொம்பிளைர முகத்த நடுவுக்கு எடுத்து, கெட்டிமேளத்துக்கு மூண்டு வெட்டக் குறைச்சுப் போட்டன். இப்பதான் அந்தப் பிள்ளைர கண் கலங்கினது தெரியுது.