மேக்னம் மேடுகளை நோலிமிட்ஸில் வளைத்துப் பார்த்த கதை

ரோலர் கோஸ்டர்களைக் கணினியில் வடிவமைத்து ஓட்டிப் பார்க்கும் மென்பொருளான நோலிமிட்ஸ் 2-இல் மூன்று மாதமாக ஒரே ட்ராக்கோடு உட்கார்ந்திருக்கிறேன். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் சண்டஸ்கியில், ஈரி ஏரிக்கரையில் உள்ள சீடர் பாயிண்ட் பூங்காவின் மேக்னம் எக்ஸ்எல்-200. ஆரோ டைனமிக்ஸ் கட்டியது, 1989-இல் திறந்தார்கள். 205 அடி உயரம், மணிக்கு 116 கிலோமீட்டர் வேகம், நீளம் ஏறத்தாழ 1,556 மீட்டர். முழுச் சுற்று வரும் ரோலர் கோஸ்டர்களில் 200 அடியைத் தாண்டிய முதலாவது இதுதான். ஆனால் என்னை இழுத்தது அந்த உயரம் இல்லை, திரும்பி வரும் வழியில் வரிசையாக நிற்கும் சின்ன மேடுகள். ரசிகர்கள் முக்கோண மேடுகள் என்றே சொல்வார்கள். பக்கவாட்டுப் படத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும்: நேராக ஏறுகிறது, உச்சியில் சட்டென்று மடங்குகிறது, நேராக இறங்குகிறது.

முதல் முயற்சியில் செயற்கைக்கோள் படத்தைத் தரையில் விரித்து, அதன் மேல் வெர்டெக்ஸ்களை, அதாவது ட்ராக்கின் போக்கைத் தீர்மானிக்கும் புள்ளிகளை, வைத்துக்கொண்டே போனேன். தரைப் படம் அச்சு அசலாகப் பொருந்தியது, ஓட்டிப் பார்த்தால் ரயில் வழுக்கிக்கொண்டு போனது. மேடுகள் ஒவ்வொன்றும் பரவளையம் மாதிரி உருண்டையாக இருந்தன. மேலே ஏறியதும் உடம்பு மெல்ல எடை இழந்து, கொஞ்ச நேரம் மிதந்து, அப்புறம் மெல்லத் திரும்பி வருகிற அந்த உணர்வு, பிற்காலத்தில் வந்த கோஸ்டர்களுக்கு உரியது. மேக்னத்தின் முன்சீட்டு வீடியோக்களில் அது இல்லவே இல்லை. அவற்றில் உச்சிக்கு வந்த நொடியிலேயே ஆட்கள் சீட்டை விட்டு எழும்புகிறார்கள்.

சரி, கணக்கு போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். என் ஃபைலில் ஒரு மேட்டு உச்சியில் ரயில் வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகிறது. அங்கே எடையே தெரியாமல் மிதக்க 23 மீட்டர் ஆரம் வேண்டும். மைனஸ் 1 ஜி, அதாவது நம் எடைக்குச் சமமான விசை சீட்டிலிருந்து மேலே தூக்குவது போன்ற உணர்வு, வர வேண்டுமென்றால் ஆரம் அதில் பாதி, பதினொன்றரை மீட்டர். இரண்டு பக்கமும் 30 பாகை சரிவு என்று வைத்தால் அந்த வளைவின் நீளம் 12 மீட்டர்தான், ஒரு ஆள் அதைக் கடக்க 0.8 வினாடி. அதற்கு முன்னும் பின்னும் வெறும் நேர்க்கோடு. எனக்கு எல்லாம் விளங்கியது இந்தக் கணக்கில்தான். நேர்க்கோடு, வட்டத்தின் ஒரு துண்டு, மறுபடி நேர்க்கோடு என்று ஒட்டினாலே அந்த முக்கோணம் வந்துவிடுகிறது.

நேர்க்கோட்டில் வளைவு பூஜ்யம், வட்டத்துக்குள் நுழைந்ததும் முழு வளைவு. இடையில் ஒன்றுமில்லாததால் விசை படிப்படியாக ஏறாமல் அடியாக விழுகிறது. 1895-இல் கோனி தீவில் ஓடிய ஃபிளிப் ஃபிளாப் ரயில்வே வட்டமான லூப்பால் சவாரி செய்தவர்களைப் படுத்தி எடுத்தது இதனால்தான். ஆன்டன் ஷ்வார்ஸ்கோப் கட்டி 1976-இல் கலிஃபோர்னியாவில் திறந்த ரெவல்யூஷனின் லூப்புக்கு வெர்னர் ஸ்டெங்கல், வளைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் க்ளோதாய்டு வடிவத்தைக் கொடுத்தார். அதற்குப் பதின்மூன்று வருஷம் கழித்து வந்த மேக்னத்தின் மேடுகளில் அந்த மென்மை இல்லை. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை, அந்த ட்ராக்கின் கையெழுத்தே அதுதான்.

இரண்டாவது முயற்சியில் எல்லா மேடுகளையும் அழித்துவிட்டு ஆரம்பித்தேன். சரிவுகளில் வெர்டெக்ஸ்களை ஒரே கோட்டில் வைத்து, ட்ராக் அந்தப் புள்ளிகள் வழியாகவே போகும்படி ஸ்ட்ரிக்ட் என்ற அமைப்பைப் போட்டேன், உச்சியில் மட்டும் வட்டத்தின் மேல் சம இடைவெளியில் அடுக்கினேன். கவனிக்க வேண்டியது கோடும் வட்டமும் சேரும் இடம். அங்கே வெர்டெக்ஸ்கள் ஐந்தாறு மீட்டர் தள்ளி இருந்தால் மென்பொருள் அதைத் தானாகவே இழைத்து உருண்டையாக்கிவிடுகிறது. ஒன்றரை மீட்டருக்கு நெருக்கினேன், மடிப்பு தெரிந்தது. அரை மீட்டருக்கும் கொண்டுபோய்ப் பார்த்தேன், பயணி உணரும் விசையைக் காட்டும் ஜி-ஃபோர்ஸ் வரைபடத்தில் கோடு ஊசி ஊசியாகக் குத்தி நின்றது. இரும்புக் குழாயை யாரும் அப்படி வளைக்க மாட்டார்கள். ஒன்றரையிலேயே நிறுத்திக்கொண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. மேக்னம் ரயிலில் ஆறு பெட்டிகள், பெட்டிக்கு மூன்று வரிசை, மொத்தம் 36 பேர். ரயிலின் நீளமே அந்த 12 மீட்டர் வளைவை விட அதிகம். ஆகவே முன்வரிசை உச்சியைத் தாண்டி இறங்கும்போதும் பின்பெட்டி ஏறிக்கொண்டே இருக்கும், ரயிலின் நடுப்பகுதி உச்சிக்கு வரும்போதுதான் வேகம் ஆகக் குறைவு. நான் நடுச்சீட்டில் மட்டும் அளந்து மைனஸ் 1 என்று திருப்திப்பட்டிருந்தேன், கடைசி வரிசையில் ஏறிப் பார்த்தால் மைனஸ் 1.4 வந்தது. இப்போது ஒவ்வொரு மேட்டையும் முதல், நடு, கடைசி என்று மூன்று சீட்டிலும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்ததற்குப் போகிறேன். நேரம் பிடிக்கிறது, பிடிக்கட்டும்.

பேங்கிங்கிலும், அதாவது திருப்பங்களில் ட்ராக்கைச் சாய்ப்பதிலும், முதல் முயற்சியில் மேடுகளை உருண்டையாக்கியது போன்ற தவறைத்தான் செய்திருந்தேன். ஏரிக்கரைப் பக்கம் ட்ராக் முறுக்கு மாதிரிப் பின்னித் திரும்பும் இடத்தில், பழக்கத்தில் 1.1 மீட்டர் ஹார்ட்லைன் வைத்துவிட்டேன், அதாவது ட்ராக் சாயும்போது சுழலும் அச்சைத் தண்டவாளத்துக்கு அவ்வளவு மேலே, பயணியின் நெஞ்சு உயரத்தில் வைத்தேன். அப்படி வைத்தால் சாயும்போது பயணியின் நெஞ்சு இருந்த இடத்திலேயே இருக்கும், தண்டவாளம்தான் வெளிப்பக்கம் ஒதுங்கி உள்ளே வரும். மேலிருந்து பார்த்தால் திருப்பத்துக்கு முன்னால் ஒரு சின்ன நெளிவு தெரியும். மேக்னம் படங்களில் அந்த நெளிவை நான் எங்கும் காணவில்லை. சுழலும் அச்சைத் தண்டவாளத்தின் நடுவுக்கே இறக்கினேன். இப்போது தண்டவாளம் நேராகப் போய் அப்படியே சாய்கிறது, தலைதான் பக்கவாட்டில் வீசப்படுகிறது. முதல் தடவை அதைத் திரையில் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்.

திரும்பும் வழியில் முதல் மூன்று மேடுகள் முடிந்துவிட்டன. நான்காவது இன்னும் ஒத்துவரவில்லை, ரயில் அங்கே வரும்போது என் கணக்கை விட வேகமாக இருக்கிறது. உராய்வு அளவைக் கூட்டுவதா, முந்தின பள்ளத்தின் உயரத்தை மறுபடி அளப்பதா என்று இந்த வாரம் பார்க்க வேண்டும். பள்ளத்தின் மேல்தான் சந்தேகம். நிழலை வைத்து அளந்த உயரம் அது.