மணிக்கட்டு முறிந்தபோதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி

2019 மாட்டுப்பொங்கலன்று காலை, வாசல் தெளித்த ஈரத்தில் அம்மா சறுக்கிவிட்டாள். கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு, ஆறு வாரம், வலி மாத்திரை. "கையோட போச்சே, இடுப்பு தப்பிச்சுதே" என்று வந்தவர்கள் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். நானும் அதையேதான் சொன்னேன். நின்ற இடத்தில் சறுக்கியதற்கு ஓர் எலும்பு ஏன் முறியவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கட்டுப் போட்ட இடத்திலும் யாரும் அதைக் கேட்கவில்லை.

2022 ஐப்பசியில் ஒரு மழை இரவு. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் பழைய வீடு, கழிப்பறை கொல்லையில். இரண்டு மணிக்கு எழுந்து போனவள் நிலைப்படி தாண்டும்போது விழுந்தாள். அப்பா போய்ப் பார்த்தபோது ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்ததாம். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருந்தது. அப்போது அவளுக்கு வயது 71. மறுநாளே அறுவை சிகிச்சை செய்து இடுப்பு மூட்டில் பாதியை மாற்றினார்கள். அதற்கு அடுத்த நாள் வாக்கரைப் பிடிக்கவைத்து நிற்கவைத்துவிட்டார்கள்.

அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மூன்றாம் நாள் என்னை உட்காரவைத்து வரிசையாகக் கேட்டார். முன்னால் ஏதாவது முறிந்திருக்கிறதா? மாதவிலக்கு எந்த வயதில் நின்றது? அம்மாவின் அம்மாவுக்குக் கூன் விழுந்ததா? உயரம் குறைந்திருக்கிறதா?

அம்மாவுக்கு 41 வயதில் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அம்மாச்சி கடைசிப் பத்து வருடம் வளைந்துதான் நடந்தார். உயரத்தைப் பற்றிக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடமாக அம்மா ஒரே குறை சொல்லிக்கொண்டிருந்தாள்: "இப்பல்லாம் சேலை அகலமா நெய்யுறான், கொசுவம் தரையில இழுபடுது." சேலை அகலம் அப்படியேதான் இருந்திருக்கிறது. அம்மாதான் குட்டையாகிக்கொண்டிருந்தாள். முதுகை எக்ஸ்ரே எடுத்தபோது இரண்டு முள்ளெலும்புகள் எப்போதோ நசுங்கியிருந்தது தெரிந்தது. முதுகு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த காலம் அது.

ஒரு சொல் எங்களைப் பல வருடம் ஏமாற்றிவிட்டது. 'எலும்புத் தேய்மானம்' என்று முழங்கால் வலிக்கும் சொல்கிறோம், இதற்கும் சொல்கிறோம். முழங்காலில் தேய்வது மூட்டின் குருத்தெலும்பு, அது வலிக்கும். எலும்பின் உள்ளே அடர்த்தி குறைந்து சல்லடையாகிப்போவது வேறு நோய். முறியும்வரை அதற்கு வலியே கிடையாது. அம்மாவுக்கு முழங்கால் வலி இல்லாததால் அவள் எலும்பு நல்ல எலும்பு என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கத் தஞ்சாவூர் போனோம். சும்மா படுத்திருந்தால் போதும், சில நிமிடத்தில் முடிந்துவிட்டது. இளவயதில் உள்ள எலும்பின் அடர்த்தியோடு ஒப்பிட்டு ஓர் எண் தருகிறார்கள், டி-ஸ்கோர் என்று. மைனஸ் 1-க்கு மேல் இருந்தால் சரி, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு சல்லடையாகும் அந்த நோய். அம்மாவுக்கு முதுகில் மைனஸ் 3.4. வைட்டமின் டி 11தான் இருந்தது.

முதலில் வைட்டமின் டி 60,000 யூனிட், வாரம் ஒன்றாக எட்டு வாரம். கால்சியம் மாத்திரை சாப்பாட்டுக்குப் பின். பிறகு ஜோலெட்ரானிக் ஆசிட் என்ற மருந்தை வருடத்துக்கு ஒருமுறை ரத்தக் குழாயில் ஏற்றுவது என்று முடிவானது. வாரம் ஒருமுறை போடும் மாத்திரையும் உண்டு. ஆனால் அதை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்கவேண்டும். அம்மாவுக்கு நெஞ்செரிச்சல் இருப்பதால் அது வேண்டாம் என்றார் டாக்டர். ஊசிக்கு முன் சிறுநீரகத்துக்கும் கால்சியத்துக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். பல் டாக்டரிடமும் காட்டி, பிடுங்கவேண்டிய ஒரு பல்லைப் பிடுங்கி, புண் ஆறிய பிறகே ஏற்றினார்கள். அன்றிரவு காய்ச்சலும் உடம்பு வலியும். முதல் தடவை அப்படி வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. பாராசிட்டமால் கொடுத்தோம், இரண்டு நாளில் அடங்கியது.

எலும்பின் கதை இவ்வளவுதான். விழுந்ததற்கான காரணத்தைத் தேடியதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

படி வழுக்கியது என்று நாங்கள் முடிவுகட்டியிருந்தோம். டாக்டர் அம்மாவைப் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார்: 140. எழுந்து நிற்கவைத்து மூன்று நிமிடம் கழித்துப் பார்த்தார்: 112. "எழுந்திருக்கும்போது கண்ணு இருட்டுமா பாட்டி?" "எப்பவும் இருட்டும் தம்பி, வயசாச்சுல்ல" என்றாள். எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் போட்ட பிரஷர் மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்தும் சேர்ந்திருந்தது. அதை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொண்டிருந்தாள். அதனால்தான் ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கிறாள். கூடவே மெடிக்கலில் தானே வாங்கிப் போட்ட தூக்க மாத்திரை. இடது கண்ணில் புரை. தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. கொல்லையில் மங்கலான ஒரு குண்டு பல்பு. இத்தனையும் ஒன்றுசேர்ந்து அவளைத் தள்ளிவிட, படிமேல் பழி விழுந்திருக்கிறது.

மாத்திரைகளை நாங்களாக நிறுத்தவில்லை. டாக்டர் நீர் மாத்திரையைக் காலைக்கு மாற்றினார். தூக்க மாத்திரையைச் சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். புரைக்கு அறுவை சிகிச்சை நடந்தது. படுக்கையில் உட்கார்ந்து நூறு எண்ணிய பிறகே அம்மா எழுந்திருக்கிறாள்.

அறையை ஒட்டியே மேலைநாட்டுக் கழிப்பறை கட்டினோம். அங்கே நான் ஒரு தப்புச் செய்தேன். கைப்பிடிக்குப் பதில் துண்டு போடும் கம்பியே போதும் என்று பிளம்பரிடம் சொல்லிவிட்டேன். நான் மாட்டிப் பார்த்து ஒருமுறை சாய்ந்ததும் டைலோடு பெயர்ந்து கையோடு வந்தது. அம்மா சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. பிறகு சுவரில் ஆழமாகத் துளைத்து, ஆள் தொங்கினாலும் தாங்கும் எஃகுக் கைப்பிடி போட்டோம். படுக்கையிலிருந்து கழிப்பறைவரை இரவு விளக்கு. மிதியடிகளை எல்லாம் எடுத்துவிட்டோம். சேலையை இரண்டு விரல் உயர்த்திக் கட்டச் சொன்னேன். முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, பிறகு பழகிவிட்டாள்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம், அவளை நடக்கவைத்தது. "இந்த வயசுல எதுக்கு நடக்கவிடுற, உக்கார வச்சு சோறு போடு" என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அம்மாவுக்கும் பயம். ஒரு மாதம் கட்டிலே கதி என்று கிடந்ததில் தொடை இரண்டும் மெலிந்து, வாக்கர் இருந்தும் கால் நடுங்கியது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்த இயன்முறை சிகிச்சையாளர்தான் எனக்குப் புரியவைத்தார்: உட்கார்ந்தே இருந்தால் தசை கரையும், தசை கரைந்தால் மறுபடி விழுவார், எலும்புக்கும் உடம்பின் பாரம் தேவை. அன்போடு உட்காரவைத்து அவளை நான்தான் பலவீனமாக்கிக்கொண்டிருந்தேன்.

நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது. சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது. ஒரு பாதத்துக்கு முன் இன்னொரு பாதத்தை ஒட்டிவைத்து நடப்பது. முதல் நாள் அவளால் ஒருமுறைகூட எழ முடியவில்லை. நாற்காலியில் தலையணை போட்டு உயரமாக்கினோம். ஐந்தாவது மாதம் தலையணை இல்லாமல் பத்து முறை எழுந்தாள். அன்று அப்பாவைக் கூப்பிட்டு இன்னொரு தடவை செய்து காட்டினாள்.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் இல்லை. காலையில் கேழ்வரகுக் கூழ், தயிர், வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை, முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி. பேரப்பிள்ளைகளுக்குப் பாலை ஊற்றிவிட்டுத் தனக்குக் காப்பிக்கு மட்டும் வைத்துக்கொள்வாள். இப்போது அவள் டம்ளரை நான் தனியே எடுத்துவைக்கிறேன்.

போன வருடம் சித்தி பேருந்துப் படியில் இறங்கும்போது தடுமாறி மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். "சின்ன முறிவுதான், தானாச் சேந்துடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவளைக் கட்டுப் பிரித்த அன்றே டெக்ஸாவுக்கு அழைத்துப் போனேன். அம்மாவும் கூட வந்தாள், தடி ஊன்றி. மைனஸ் 2.7. சித்திக்கு வயது 63.