நாஸ் பேக்கப் பாதியில் நின்றால்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புறப் பட்டணங்களில் சாயங்கால இடிமழைக்குக் கரண்ட் போய்வருவது சகஜம். திரும்ப வந்ததும் ரௌட்டர் நாஸுக்கு (நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் வட்டுப் பெட்டி) வேறு ஐபி முகவரி கொடுத்திருக்கலாம். பேக்கப் நிரலோ பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். ரௌட்டரில் ஐபி முகவரிகளைப் பங்கிடும் டிஎச்சிபி பக்கத்தில், நாஸின் மேக் முகவரிக்கு (கருவியின் மாறாத அடையாள எண்) ஒரே ஐபியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். முதலில் இதைச் செய்யாமல் வேறெதையும் நோண்ட வேண்டாம்.

அப்புறமும் ஓடவில்லையா? நாஸ் கடவுச்சொல்லை மாற்றியிருந்தால், கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் விண்டோஸ் கிரெடென்ஷியல் மேனேஜரில் இருக்கும் பழையதை அழியுங்கள். பழைய நாஸ் எஸ்எம்பி 1 (கோப்புப் பகிர்வு நெறிமுறையின் பழைய பதிப்பு) மட்டும் பேசினால், இன்றைய விண்டோஸ் கதவைத் திறக்காது. நீங்களும் திறந்துவிடாதீர்கள்: 2017-இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை நச்சுநிரல் பரவியது எஸ்எம்பி 1-இன் ஓட்டை வழியாகத்தான். நாஸின் ஃபர்ம்வேரை (உள் மென்பொருள்) புதுப்பித்து எஸ்எம்பி 2 அல்லது 3-க்கு மாறுங்கள்.

பெரிய கோப்பு மட்டும் தோற்றால், நாஸில் செருகிய யூஎஸ்பி வட்டின் கோப்பு அமைப்பு ஃபேட்32-ஆ என்று பாருங்கள். 4 ஜிபியோ அதற்கு மேலோ உள்ள ஒரே கோப்பை அது ஏற்காது.

வட்டு தன் உடல்நலத்தைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில், பழுதான பகுதிகளைக் காட்டும் 5, 197 ஆகிய வரிசைகளின் மூல எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் வட்டை மாற்றிவிடுங்கள். ரெய்டு 1 (இரண்டு வட்டிலும் ஒரே நகல்) இருக்கிறதே என்று சும்மா இருப்பவர்கள் உண்டு; மின்னல் இரண்டு வட்டையும் சேர்த்தே அடிக்கும். கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடவைக்கும் யூபிஎஸ் வாங்கினால் அதன் யூஎஸ்பி கம்பியையும் நாஸில் செருகுங்கள். அது இல்லாவிட்டால், பேட்டரி தீர்வதற்குள் ஒழுங்காக அணைய நாஸுக்குத் தெரியாது.