நாப்பது வாரம், நாலு வாரம்

2024 செப்டம்பர் 12, வியாழன்

மனைவிக்கு 34 வாரம். என் லீவு ஃபாரம் இன்னும் பேக்லயே கெடக்கு.

செப்டம்பர் 13

டோக்கியோ ஆபீஸ்ல வேலை ஆறரைக்கே முடிஞ்சுது, கிளம்பினது 8:40. நடுவுல என்ன பண்ணேன்னா கம்ப்யூட்டர்ல பழைய வேலை டிக்கெட்டையெல்லாம் தெறந்து தெறந்து மூடினேன். புச்சோ, அதான் எங்க டிபார்ட்மெண்ட் தலைவர், எந்திரிக்கல, அதனால பக்கத்து சீட்டுக்காரர் எந்திரிக்கல, அதனால நான் எந்திரிக்கல. கடைசியா 'ஒசாகி நி ஷிட்சுரெய் ஷிமஸ்'. உங்களுக்கு முன்னாடி போறேன், மரியாதைக்குறைவுதான், பொறுத்துக்கங்கன்னு அர்த்தம். ஏழு வருஷமா தெனம் சொல்லிச் சொல்லி இப்ப நெஜமாவே ஏதோ தப்பு பண்ணிட்டு ஓடறாப்ல இருக்கு.

செப்டம்பர் 16

லீவு. ரெண்டு பேரும் உக்காந்து கணக்கு போட்டோம். அப்பனுக்கு ஒரு வருஷம் வரைக்கும் லீவு உண்டு, மொத 180 நாள் சம்பளத்துல 67 சதவீதம், அப்புறம் 50. 2019ல யுனிசெஃப் பணக்கார நாடுகளை வரிசைப்படுத்தினப்போ அப்பன் லீவுல ஜப்பான்தான் மொதல். அதே 2019ல லீவு எடுத்த அப்பனுங்க 7.48 சதவீதம். போன வருஷம் 30.1க்கு வந்துடுச்சாம். 2020ல கொய்சுமி ஷின்ஜிரோ மந்திரியா இருந்துக்கிட்டே ரெண்டு வாரம், அதையும் மூணு மாசத்துல பிச்சுப் பிச்சு எடுத்தார், அதுக்கே நாடு முழுக்க நியூஸ். அவ கேட்டா, "சட்டம்தான் குடுக்குதே, யாரும் முடியாதுன்னு சொல்ல முடியாதுல்ல, அப்புறம் என்ன?" யாரும் முடியாதுன்னு சொல்லமாட்டாங்கடி, அதான் பிரச்சனை.

பொறந்த எட்டு வாரத்துக்குள்ள எடுக்கற நாலு வார லீவு போதும்னு முடிவு. ரெண்டு வாரம் முன்னாடி குடுக்கணும், அதாவது அக்டோபர் 10.

செப்டம்பர் 18

எங்க மியூனிக் ஆபீஸ் ஆளு நாளையிலேருந்து மூணு வாரம் லீவு. ரிலீஸ் வாரம்! அவனுக்கு மெயில் போட்டா பதில் வருது: இந்த மெயில் யாருக்கும் ஃபார்வர்டு ஆகாது, நான் வந்தப்புறம் மறுபடி அனுப்பவும். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல, மனசுக்குள்ள ஜப்பானிய மொழியில திட்டினேன், அதுதான் பயமா இருக்கு.

ஆனா வெள்ளைக்காரன்லாம் இப்படின்னு சொல்ல முடியாது. டெக்சாஸ் டீம் லீடு குழந்தை பொறந்து ஏழாவது வாரமே மீட்டிங் கால்ல சேந்துட்டாங்க, கேமரா ஆஃப், மைக்கை மியூட் பண்ண மறந்து பின்னாடி பால் பம்ப் சத்தம் உர்ர் உர்ர்னு, அதுக்கு நடுவுல பட்ஜெட். அங்க நாடு முழுக்க உள்ள சட்டம் 1993ல வந்தது, பன்னெண்டு வாரம், சம்பளம் இல்லாம, அதுவும் சின்ன கம்பெனிக்குக் கிடையாது. வருஷக் கணக்குல பாத்தா சராசரி அமெரிக்கன் சராசரி ஜப்பான்காரனை விட ஜாஸ்தி நேரம் வேலை பாக்கறான். இங்க சராசரியைக் கீழ இழுக்கறதுல பார்ட் டைம் ஆளுங்களுக்குப் பெரிய பங்கு, அது வேற.

செப்டம்பர் 20

தோசாய் லைன் மெட்ரோ, நிஷி கசாய் ஸ்டேஷன்ல ஏறினோம். அவ பேக்ல அந்த பிங்க் டேக், 'வயித்துல பாப்பா இருக்கு'. உக்காந்திருந்த ஏழு பேரும் தூக்கம். நடிப்பு இல்ல, நெஜத் தூக்கம், ஒருத்தர் வாயத் தெறந்துக்கிட்டு. எழுப்ப மனசு வரல.

செப்டம்பர் 24

பக்கத்து சீட்டுக்காரர் மூணு நாள் லீவு போட்டுட்டு வந்தார். கையில ஸ்வீட் டப்பா, ஒவ்வொரு டேபிளா ஒண்ணு வெச்சு, ஒவ்வொருத்தருக்கும் குனிஞ்சு, தொந்தரவு குடுத்துட்டேன், தொந்தரவு குடுத்துட்டேன். மூணு நாளைக்கு ஒரு டப்பான்னா நாலு வாரத்துக்கு எத்தனை டப்பா?

ஹிகித்சுகி, அதாவது வேலையை அடுத்தவங்க கையில ஒப்படைக்கற எக்செல், ஆரம்பிச்சாச்சு. நான் இல்லாதப்ப யார் எதைப் பாக்கணும்னு. 63 வரிசை. 41ல பேட்ச் சர்வர் விஷயம், அது எனக்கு மட்டும்தான் தெரியும், எப்படி எழுதறதுன்னே தெரியல.

அக்டோபர் 2

அம்மா ஃபோன்ல: "ஆம்பளைக்கு எதுக்குடா லீவு? நீ பொறந்து மூணாம் நாள்தான் உங்கப்பா வந்தாரு." பெருமையா வேற சொல்றாங்க.

அக்டோபர் 4

குடுக்கல.

அக்டோபர் 7

குடுக்கல. 41ம் எழுதல.

அக்டோபர் 9

குடுத்துட்டேன். புச்சோ பல்லிடுக்குல ஸ்ஸ்ஸ்னு காத்த இழுத்தார், வாழ்த்து சொன்னார், அப்புறம் காலண்டரைத் தெறந்து பேசாம பாத்துக்கிட்டே இருந்தார். ஒரு நிமிஷம் இருக்குமா? அந்த அமைதி தாங்காம, லீவுலயும் திங்கக்கெழமை மீட்டிங்குக்கு வீட்லேருந்தே ஆன்லைன்ல வந்துடறேன்னு சொல்லிட்டேன். யாரும் கேக்கல. நானா சொன்னேன். அவர் மூஞ்சி உடனே தெளிஞ்சுடுச்சு. இந்த லீவுல ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா கொஞ்சம் வேலை பாக்கலாம்னு சட்டத்துலயே எடம் இருக்காம், அதையும் அவர் சொல்லல, நான்தான் சொன்னேன்.

அக்டோபர் 10

அவ பேசல.

அக்டோபர் 12

கின்சா கடைத்தெருவுக்குப் போய் ஸ்வீட் டப்பா வாங்கினேன். 24 துண்டு, ஒவ்வொண்ணும் தனித்தனி பாக்கெட். எக்ஸ்பைரி நவம்பர் கடைசி வரைக்கும் இருக்கான்னு ரெண்டு தடவை பாத்தேன். வீட்ல அதைப் பாத்துட்டு ரெண்டு நாள் கழிச்சு மொத வார்த்தை பேசினா: "இன்னும் பொறக்கவே இல்ல, அதுக்குள்ள மன்னிப்பு ஸ்வீட்டா." சிரிச்சுட்டா. நானும்.

அக்டோபர் 15, விடிகாலை 4:10

பனிக்குடம் ஒடஞ்சிடுச்சு. ஒம்பது நாள் முன்னாடியே. ஆஸ்பத்திரி நம்பருக்கு அவளே பேசிட்டா, போஷி தெச்சோ, அந்த தாய்-சேய் கையேடு, அவ கையிலயே இருக்கு. நான் பேக்ல லேப்டாப் சார்ஜரை வெச்சேன். அவ பாத்தா. வெளிய எடுத்துட்டேன். 41 இன்னும் காலியாதான் இருக்கு. டாக்ஸி கீழ