மைனஸ் 50 டிகிரிக்கு உடை தைக்கும்போது

பனிமலைக் காவலுக்கான மூன்றடுக்குக் குளிர் உடையை உருவாக்கியது டெல்லியில் உள்ள டிபாஸ். ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஆய்வகம்தான், ஆனால் துணி ஆய்வகமல்ல, மனித உடலியல் ஆய்வகம். 2022 டிசம்பரில் இதன் தொழில்நுட்பத்தை ஐந்து இந்திய நிறுவனங்களுக்குக் கொடுத்தார்கள். +15 முதல் −50 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டிய உடை இது. இந்த வேலைக்குள் வர நினைக்கும் திருப்பூர்க்காரங்க, உடலியல் ஆய்வகம் எதற்கு இதைச் செய்தது என்பதிலிருந்து தொடங்கினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மூட்டையோடு ஏற்றம் ஏறுகிற சிப்பாய்க்கு அந்தக் குளிரிலும் வேர்க்கும். மேலே போய்க் காவலுக்கு அசையாமல் நின்றால் அதே வேர்வைதான் எதிரி. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 24 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு விதமான காப்பு வேண்டும். அதனால்தான் ஒரே கனமான கோட்டுக்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் அடுக்குகள். காப்பை 'குளோ' என்ற அலகில் அளக்கிறார்கள்: 1 குளோ என்றால் 0.155 சதுர மீட்டர் கெல்வின் / வாட். ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை, கூடினால் குளோவும் கூடும் என்று நம்பிவிடக் கூடாது. சூட்டைப் பிடித்து வைப்பது நூலுக்குள் சிக்கி நிற்கும் காற்று. அழுத்தி காம்பேக்டிங் செய்த துணியில் எடை இருக்கும், காற்று இருக்காது.

உள் அடுக்குதான் நம்ம ஊர் வேலை. இங்கே பருத்தி ஆகாது. சாதாரண காற்றில் பருத்தி பிடித்து வைக்கும் ஈரப்பதம் அதன் எடையில் 8.5 சதவீதம், பாலியஸ்டருக்கு 0.4தான். நனைந்த பருத்தி காய நேரமாகும். பாலியஸ்டரிலும் ஒரு பொறி இருக்கிறது. தொட்டால் வழவழப்பாக இருக்கட்டும் என்று பினிஷிங்கில் சாதாரண சிலிகான் சாஃப்ட்னர் போட்டால் துணி வேர்வையை இழுக்காது. தண்ணீரை ஏற்கும் வகை சாஃப்ட்னர்தான் போட வேண்டும். தையல், மேடில்லாமல் தட்டையாக விழும் ஃபிளாட்லாக்காக இருக்கட்டும். ஓவர்லாக்கின் மேடு மூட்டைப் பட்டைக்குக் கீழே தோளை அறுத்துவிடும்.

நடு அடுக்கு காற்றைப் பிடிக்கும் பஞ்சு அல்லது ஃபிளீஸ். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெட்டும்போதும் பேக் செய்யும்போதும் நசுக்காமல் இருந்தால் போதும்.

அதிகம் தோற்பது வெளி அடுக்கில்தான். மெம்பரேன் (தண்ணீரைத் தடுக்கும் மெல்லிய படலம்) ஒட்டிய துணி சோதனையில் தேறிவிடும், தைத்த ஜாக்கெட் தேறாது. ஒவ்வோர் ஊசித் துளையும் ஒரு ஒழுகல். 20 அல்லது 22 மில்லிமீட்டர் டேப்பைச் சூடான காற்றில் ஒட்டி அடைக்க வேண்டும். தையல் ஓரத்தில் 5 மில்லிமீட்டர் மட்டும் மிஞ்சும்படி வெட்டிவிட்டால்தான் டேப் இரண்டு பக்கமும் துணியில் நன்றாகப் பிடிக்கும். சூடு குறைந்தால் பசை உருகாது, கூடினால் மெம்பரேன் சுருங்கும். அக்குளில் நான்கு தையல்கள் சேரும் இடத்தில் தடிமன் கூடுவதால் ரோலரின் அழுத்தம் சமமாக விழாது; முதலில் ஒழுகுவது அங்கேதான். அந்த இடத்துக்குத் தனியாக ஒரு டேப் துண்டு வைப்பது நல்லது.

கோவையில் ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ரா போன்ற இடத்தில் சோதனைக்குக் கொடுக்கும்போது துணியை மட்டும் கொடுக்காதீங்க. டேப் ஒட்டிய தையலையும் வெட்டிக் கொடுங்க. துவைக்கும் முன் ஒரு செட், பலமுறை துவைத்த பின் ஒரு செட். டேப் உரிவதும் நீர் விலக்கும் பூச்சு போவதும் இரண்டாவது செட்டில்தான் தெரியும்.