மூலை திருப்புதல்

2024 மே 3, வெள்ளி

அம்மா சோழவந்தானிலிருந்து மதுரையில் எங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு பதினாறு நாள். கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்த பிறகு தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, மின்விசிறியைக் கூட்டவா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். தானாக ஒன்றும் கேட்டதில்லை. இன்று மதியம் கேட்டாள்: "இந்த ஊரில் கூடை ஒயர் கிடைக்குமா?"

மே 4, சனி

கத்திரி வெயில் இன்று தொடங்குகிறது. பத்து மணிக்கு முன்பே விளக்குத்தூண் பக்கம் போய், ஒரு சந்துக் கடையில் மஞ்சள் மூன்று கட்டும் பச்சை இரண்டு கட்டும் வாங்கி வந்தேன். 2019 ஜனவரி 1 முதல் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்ததிலிருந்து ஒயர் கேட்டு வருபவர்கள் கூடியிருக்கிறார்கள் என்றார் கடைக்காரர். ஒயரும் பிளாஸ்டிக்தானே என்று என் மகள் கேட்டாள். உண்மைதான். ஆனால் அம்மா எனக்குச் சீராகக் கொடுத்த கூடை 27 ஆண்டுகளாகக் காய்கறி சுமக்கிறது. அதில் இதுவரை கைப்பிடியை மட்டும் ஒருமுறை மாற்றியிருக்கிறோம்.

மாலையில் ஒயர் வெட்டினோம். நீளவாக்கில் 24 ஒயர், ஒவ்வொன்றும் ஐந்து முழம். குறுக்கே 9 ஒயர், ஏழு முழம். மகள் அளவு நாடாவை எடுத்து வந்தாள். அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டு முழங்கையை மடக்கி அளந்தாள். நான் உதவிக்கு நான்கு ஒயர் வெட்டினேன். அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டாள். என் கை அவள் கையைவிட நீளம், ஒரே கை அளந்த ஒயர்தான் ஒரு கூடைக்கு ஆகும் என்றாள். அந்த நான்கும் கைப்பிடிக்குப் போகுமாம்.

மே 7, செவ்வாய்

கூடைக்கு அடி போடத் தொடங்கினாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

சாதா முடிச்சுதான். ஒரு ஒயரைக் காது போல மடிக்க வேண்டும். குறுக்கு ஒயரை அதைச் சுற்றிக் கொண்டுவந்து காதுக்குள் நுழைக்க வேண்டும். பிறகு நான்கு பக்கமும் ஒரே சீராக இழுத்தால் நடுவில் ஒரு சின்னச் சதுரம் உட்காரும். தளர்வாக இழுத்தால் கூடை தொங்கிப் போகும், ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் கோணும். அம்மாவின் ஆட்காட்டி விரலில் ஒயர் பதிந்த இடம் காய்த்துப் போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். இல்லை. எத்தனையோ ஆண்டுகளாக அவள் ஒயரைத் தொடவே இல்லை, தோல் மென்மையாகிவிட்டிருக்கிறது. நான்காவது வரிசையில் விரல் சிவந்து, பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டாள்.

நெல்லிக்காய் முடிச்சும் சிவன் கண் முடிச்சும் எப்போது சொல்லித் தருவாய் என்று மகள் கேட்டாள். "முதலில் இது கைக்கு வரட்டும்." எனக்கும் இதே பதில்தான் சொன்னாள், 1980களில், எங்கள் திண்ணையில். மதியச் சாப்பாடு முடிந்ததும் தெருப் பெண்கள் நான்கைந்து பேர் கூடையோடு வந்துவிடுவார்கள். யார் வீட்டு வானொலியிலாவது இலங்கை வானொலியின் பாட்டு ஓடும். ஆத்தா, அம்மாவின் அம்மா, பனை ஓலையில் கொட்டான் என்ற சிறு கூடை முடைந்தவள். ஒயர் அவளுக்குப் பிடிக்காது. ஆனாலும் அவளும் வந்து உட்காருவாள்.

மே 10, வெள்ளி

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. மகள் தேர்ச்சி. கணக்கிலும் அறிவியலிலும் நாங்கள் எதிர்பார்த்தது வரவில்லை. அறிவியல் பிரிவு கிடைத்துவிடும், பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் பாட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒயரைக் கையில் எடுத்தாள்.

மே 12, ஞாயிறு

அடி முடிந்தது. 24க்கு 9. மொத்தம் 216 முடிச்சு. சுற்றிலும் 66 முனைகள் தொங்குகின்றன. பதினெட்டுச் சுற்று எழுப்பினால் இன்னும் 1188 முடிச்சு வரும் என்று மகள் கணக்குப் போட்டுச் சொன்னாள். இந்தக் கணக்கு மட்டும் எப்படி இவ்வளவு விரைவாக வருகிறது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கேட்காதது நல்லது என்று பிறகு தெரிந்தது.

சமையலறையில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். மகள் மெல்லப் பேசுவது காதில் விழுந்தது. அறிவியல் வேண்டாம், வணிகவியல் எடுக்க வேண்டும், அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என்னிடம் சொல்லாததை என் அம்மாவிடம் சொல்கிறாள். நெஞ்சில் ஏதோ குத்தியது. அடுப்பை அணைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றேன். அம்மா அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. "அந்த முடிச்சு தளர்ந்திருக்கிறது, அவிழ்த்துப் போடு," என்றாள்.

1997 நினைவுக்கு வந்தது. என்னோடு வேலை பார்த்தவரைத் திருமணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று சொன்னேன். பதினோரு நாள் அம்மா என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். பன்னிரண்டாம் நாள் மதியம், அடி முடிந்த ஒரு கூடையை என் மடியில் வைத்தாள். "இந்த மூலையைத் திருப்பு, எனக்குக் கை வலிக்கிறது." திருப்பினேன். மூன்றாவது மூலைக்கு வந்தபோது, ஒயரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "அந்தப் பையனுக்கு அம்மா இருக்கிறார்களா?"

நேருக்கு நேர் உட்கார்ந்திருந்தால் அன்று அவள் கேட்டிருக்க மாட்டாள், நானும் பதில் சொல்லியிருக்க மாட்டேன். அந்தக் கூடைதான் சீராக வந்தது.

மே 15, புதன்

அம்மாவுக்கு முட்டி வலி. கூடையைத் தொடவில்லை. எதிர்வீட்டுப் பெண் வந்து பார்த்துவிட்டு, முடிந்ததும் தனக்குத் தரும்படியும் 150 ரூபாய் தருவதாகவும் சொன்னார். ஒயருக்கே அதற்கு மேல் ஆகியிருக்கிறது. கூடை பின்னும் பெண்களின் கைவேலைக்கு நம் ஊரில் விலை போடுவதே இல்லை, பொழுதுபோக்கு என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். விற்பதற்கில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

மே 19, ஞாயிறு

இன்று மூலை திருப்ப வேண்டும். அடியிலிருந்து சுவர் எழும்பும் இடம் இதுதான். மூலை முடிச்சை இறுக்கிப் பிடிக்காவிட்டால் கூடை தட்டு மாதிரி விரிந்துவிடும். அம்மா கூடையைக் கீழே வைத்து, "ஆளுக்கு ஒரு பக்கம் பிடியுங்கள்," என்றாள். நானும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஒயர்க் கட்டிலிருந்து வரும் இழை என் பக்கம் முடிந்ததும் அவள் பக்கம் போகும்.

ஒரு வாரமாகப் பேச்சைத் தயாரித்து வைத்திருந்தேன். மதிப்பெண், எதிர்காலம், அப்பாவின் ஆசை. முதல் மூலை போனது. இரண்டாவதும் போனது. நான் வாயைத் திறக்கவில்லை.

"அம்மா, நான் வணிகவியல் பிரிவு எடுக்கிறேன்."

தலை குனிந்தே இருந்தது. ஒயர் நுனியைக் காதுக்குள் நுழைக்கப் பார்த்து, இரண்டு முறை தவறவிட்டாள். நான் அந்தக் காதை விரித்துப் பிடித்தேன்.

"கணக்குப்பதிவியல் உனக்குப் பிடிக்குமா?"

"பிடிக்கும்."

"யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாய்?"

சொல்லத் தொடங்கினாள். தோழியின் அக்கா, பட்டயக் கணக்காளர் படிப்பு, எத்தனை ஆண்டு ஆகும், எத்தனை பேர் பாதியில் விட்டுவிடுகிறார்கள், எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். இவ்வளவு பேசி நான் கேட்டு எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. நடுவில் மறுத்து ஒரு கேள்வி கேட்டேன், அதற்கும் பதில் வைத்திருந்தாள். நான்காவது மூலையும் திரும்பி, முதல் சுற்று மூடியபோது மணி ஏழு. விளக்குப் போட மறந்திருந்தோம்.

அம்மா கூடையை வாங்கி உள்ளங்கையில் வைத்துச் சுழற்றிப் பார்த்தாள்.

"மஞ்சள் தீரப்போகிறது. நாளைக்கு இன்னும் ஒரு கட்டு வாங்கி வா."